கோவில் காட்டை ஒட்டிய அறுபது சென்ட்: ஒரு நாற்றங்கால் பதிவு

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரப் பகுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே சற்று உள்ளடங்கிய ஒரு சிற்றூரில், ஐயனார் கோவிலைச் சுற்றி ஏறத்தாழ மூன்று ஏக்கர் இயற்கைக் காடு எஞ்சியிருக்கிறது. அதன் தென்புறத்தில் கோவிலுக்கே உரிய அறுபது சென்ட் நிலம் நெடுநாளாகச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. மற்ற மூன்று புறங்களிலும் முந்திரித் தோப்புகள் இருந்த இடங்கள் இப்போது மனைப் பிரிவுகளாகி, எல்லைக் கற்களும் வண்ணக் கொடிகளுமாக நிற்கின்றன. பக்கத்துக் காட்டில் உள்ள மரம், புதர், கொடி ஆகியவற்றின் விதைகளைத் திரட்டி, நாற்றங்காலில் வளர்த்து, அந்த அறுபது சென்ட்டில் நட்டுக் காட்டைத் தெற்கே நீட்டுவதுதான் நானும் ஊர் இளைஞர்கள் சிலரும் மேற்கொண்டிருக்கும் வேலை. அதன் முறைகளையும் இதுவரை கண்ட விளைவுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இக்காடு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய சமவெளியில் காணப்படும் இதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். ஆண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் மழையின்றிக் கழிந்தாலும் இதன் மரங்கள் பெரும்பாலும் இலையுதிர்ப்பதில்லை. தடித்த, சிறிய, பளபளப்பான இலைகளைக் கொண்டு ஈரத்தைக் காத்துக்கொள்கின்றன. பாலை, வீரை, காயா, குருந்து, இரும்பிலி, மகிழம், நாவல் ஆகியவை மேல்தட்டில் நிற்க, களாவும் காரையும் கீழே நெருங்கியிருக்க, சூரையும் ஆதொண்டையும் மிளகரணையும் இவற்றைப் பின்னிக்கொண்டு ஏறும். பாலையும் வீரையும் இப்படிச் சேர்ந்து நிற்பதை இலங்கையின் வறண்ட வலயக் காடுகளிலும் காணலாம். அங்கே பாலைப் பழக் காலத்தில் கரடிகள் மரமேறித் தின்னும். நம் பக்கம் கோடியக்கரை, கிண்டி போன்ற சில பாதுகாக்கப்பட்ட இடங்களை விட்டால், இக்காட்டின் எச்சங்கள் பெரும்பாலும் கோவில் காடுகளாகவே பிழைத்திருக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோவில் காடு அவற்றில் பலரும் அறிந்தது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் இத்தகைய சிறு காடுகள் உள்ளன.

சவுக்கு, முந்திரி, தைல மரம் ஆகியவற்றின் தோப்புகளுக்காக இக்காடுகள் அழிந்தது ஒரு காலம். இப்போது எஞ்சிய துண்டுகளை வீடும் சாலையும் நெருக்குகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் வாழ்ந்தனர். அவர்களுக்கு இருக்க இடம் வேண்டும் என்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால், மூன்று ஏக்கர் காடு நாற்புறமும் மதிலால் சூழப்பட்டுவிட்டால், அதன் விதை விழுவதற்கு வேறு மண் கிடையாது. தாய் மரங்கள் முதிர்ந்து சாயும்போது அவற்றின் இடத்தை நிரப்பக் கன்றுகளும் இருக்கமாட்டா.

மழையும் முன்போல் இல்லை. 2015இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தை விடப் பாதிக்கு மேல் கூடுதலாகக் கொட்டியது. மறு ஆண்டே, 2016இல், அதே பருவமழை வழக்கத்தை விட 62 விழுக்காடு குறைந்து போனது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலால் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. ஆண்டுச் சராசரி எவ்வளவு என்பது ஒரு கன்றுக்குத் தெரியாது. நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை நாள் தொடர்ந்து காய்ந்தது, எத்தனை நாள் வேர் நீரில் மூழ்கியது என்பவையே அதன் உயிரைத் தீர்மானிக்கின்றன. ஆகவே எங்கள் முறைகள் எல்லாவற்றிலும், வறட்சிக்கும் வெள்ளத்திற்கும் சேர்த்தே இடம் விட வேண்டியிருந்தது.

கன்றுகளை விலைக்கு வாங்கி நட்டுவிடலாமே என்று பலர் கேட்டனர். பண்ணைகளில் கிடைப்பவை விரைவாக வளர்ந்து விற்பனையாகும் இனங்களே: புங்கை, பூவரசு, வேம்பு, நாவல், மகிழம், சரக்கொன்றை. இவற்றில் தவறு ஏதும் இல்லை. சாலையோரத்திற்கு இவை ஏற்றவையே. ஆனால், வீரையும் காயாவும் இரும்பிலியும் முதல் ஆண்டில் ஒரு சாண் உயர்ந்தாலே பெரிது என்னும் அளவுக்கு மெதுவாக வளர்வதால், அவற்றை வளர்த்து விற்க எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாவதில்லை. கிடைப்பதை மட்டும் நட்டால், காடுகள் எல்லாம் ஒரே பத்துப் பன்னிரண்டு மரங்களின் தோப்பாகிவிடும். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி நட்டுச் சில ஆண்டுகளில் அடர்வனம் காட்டும் முறை இன்று பரவலாக இருக்கிறது. நகரத்து வெற்றிடங்களை நிழலாக்க அது உதவலாம். திறந்த வெளியும் புதரும் முள்ளும் மாறி மாறி அமைந்த இந்த வறண்ட காட்டுக்கு அம்முறை பொருந்தாது என்பது என் கருத்து.

விதை திரட்டுவதற்கு முன் ஊரின் இசைவு வேண்டும். ஐயனார் காட்டில் சுள்ளி ஒடிப்பதும் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கந்தான் காட்டை இதுவரை காத்தது என்பதால் அதைத் தளர்த்தும்படி கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. "கீழே விழுந்ததை மட்டும் எடுத்துக்கிறோம் ஐயா, மரத்தைத் தொட மாட்டோம்" என்று பூசாரியிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்துவிட்டு, "விழுந்ததுலயும் பாதியை விட்டுட்டு எடுங்க, குருவிங்களும் திங்கணும்ல" என்றார். விதை சேகரிப்பு நெறிகளில் ஒரு மரத்தின் விளைச்சலில் சிறு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று எழுதுவதைத்தான் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அன்று முதல் அதையே விதியாகக் கொண்டோம்.

ஓர் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் காட்டைச் சுற்றி வந்து, எந்த மரம் எப்போது பூக்கிறது, எப்போது பழுக்கிறது, எவை தின்கின்றன என்பதைக் குறித்தோம். தாய் மரங்களை அடையாளம் காண மஞ்சள் துணிக் கீற்று கட்டினோம். சில வாரங்களில் அவற்றின் பக்கத்திலேயே வேறு மஞ்சள் துணிகளும், பிள்ளை வரம் வேண்டிச் சிறு தொட்டில்களும் தொங்கத் தொடங்கின. எது எங்களது, எது வேண்டுதலுடையது என்று பிரித்தறிய முடியாமல் போனதால், கோவிலையும் மண் குதிரைகளையும் அடையாளமாக வைத்துக் கையால் வரைந்த வரைபடத்திற்கு மாறினோம். ஒவ்வோர் இனத்திலும் ஒரே மரத்தின் விதையை நம்பாமல், காட்டின் வெவ்வேறு மூலைகளில் உள்ள பல தாய் மரங்களிலிருந்து எடுத்துக் கலந்தோம். ஒரு தாயின் பிள்ளைகளாலேயே காட்டை நிரப்பினால், ஒரே நோயோ ஒரே வறட்சியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

விதைகளைப் பொறுத்தவரை நாங்கள் கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது, உலர்த்திச் சேமிக்கக் கூடியவற்றையும் கூடாதவற்றையும் பிரிப்பதாகும். கொன்றை, வெள்வேல், உசிலை, பூவந்தி போன்றவற்றின் விதைத்தோல் கெட்டியானது. நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, மண்பானையில் இட்டு வாயைக் கட்டிவைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நாவல் இதற்கு நேர்மாறானது. அதன் கொட்டை காய்ந்தால் செத்துவிடும், பழம் பொறுக்கிய சில நாட்களுக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும். வேப்பங்கொட்டைக்கும் சில வாரங்களே ஆயுள். வீரையையும் காயாவையும் எங்கள் பாத்திகளில் இரண்டு விதமாகவும் விதைத்துப் பார்த்தோம். பழச்சதையைக் கழுவிய ஈரத்தோடு விதைத்தவை ஓரளவு நன்றாக முளைத்தன, நிழலில் உலர்த்தி வைத்துப் பின்னர் விதைத்தவற்றில் மிகச் சிலவே தலைகாட்டின.

இந்த வேறுபாட்டில்தான் முழு வேலையின் பொருளும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். நெல்லையும் கம்பையும் குளிர்பதன விதைக் கிடங்கில் வைத்து எதிர்காலத்திற்குக் காப்பாற்றலாம். உலர்வைத் தாங்காத விதைகளுக்கு அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு உயிரோடு நிற்கும் மரமே கிடங்கு. அப்படியானால், காலநிலை மாறும்போது அம்மரங்களை இழக்காதிருக்க ஒரே வழி, அடுத்த தலைமுறையை முன்கூட்டியே வேறு இடங்களில், வேறு ஈரநிலைகளில், வேர்பிடிக்க வைத்துவிடுவதுதான்.

பாலையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் மஞ்சளாகப் பழுத்து உதிரும் சிறு பழம்; பாலின் பிசுபிசுப்பு உதட்டில் ஒட்டினாலும் இனிப்பு அலாதியானது. வௌவாலும் பிள்ளைகளும் முந்திக்கொள்வதால், விடியற்காலையில் போனால்தான் விதை கிடைக்கும். சப்போட்டா ஒட்டுக்கட்டுவதற்கு அடிக்கன்றாகப் பயன்படுவது இந்தப் பாலைதான். ஆகவே இதன் விதை நேர்த்தி பழத்தோட்டக்காரர்களுக்கு ஓரளவு தெரியும். அவர்களும் ஒட்டுக்கட்டும் பருமனுக்குக் கன்று வர ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருப்பதாகக் குறைபட்டுக்கொள்வார்கள். பழத்தைச் சாம்பலும் மணலும் சேர்த்துப் பிசைந்து கழுவி, நீரில் மிதப்பவற்றை நீக்கி, மூழ்கியவற்றின் ஓட்டை ஒருபுறம் லேசாகக் கல்லில் தேய்த்து, ஒரு நாள் ஊறவைத்து, மணற்பாத்தியில் விதைத்தோம். முளைப்பு சீராக இருக்கவில்லை. முதல் முளை வந்து பல வாரங்கள் கழித்தும் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன. சில, அடுத்த மழைக்குப் பின்னரே வந்தன. முளைக்கவில்லை என்று பாத்தியைக் கலைத்துவிடாமல் ஓராண்டாவது நீரூற்றி வைத்திருப்பது நல்லது.

கெட்டித்தோல் விதைகளுக்கு இரண்டு முறைகளைக் கையாண்டோம். வெள்வேலுக்கும் உசிலைக்கும் கொதித்து இறக்கிய நீரில் விதையைப் போட்டு, அந்த நீர் தானாகவே ஆறும்வரை இரவு முழுதும் விட்டுவிட்டால் போதும். உப்பியவற்றை மறுநாள் விதைக்கலாம். கொன்றைக்கும் பூவந்திக்கும் வெந்நீர் ஒரே மாதிரியான பலனைத் தரவில்லை. கருங்கல்லில் முளைக்கண் இல்லாத பக்கத்தை உரசி, உள்வெண்மை சிறிது தெரிந்ததும் நிறுத்தி ஊறவைப்பதே நம்பகமானது. விரல் நோகும் வேலைதான்; பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வந்து போட்டி போட்டுச் செய்துகொடுத்தனர்.

நாவலில் ஒரு விந்தை உண்டு. ஒரே கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று கன்றுகள்கூடக் கிளம்பும். நான்கு இலை வந்ததும் வலுவானதை விட்டு மற்றவற்றைக் கவனமாகப் பிரித்துத் தனிப் பைகளில் வைத்தோம். ஆலுக்கும் அத்திக்கும் விதை தூசிபோல இருப்பதால், மரத்தடியில் பறவை எச்சத்தைச் சுரண்டி எடுத்து, செங்கல் தூளின் மேல் தூவி, ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். பனையை நாற்றங்காலுக்குள் கொண்டுவரவே இல்லை. அது முளைத்தவுடன் கிழங்கை ஆழமாக மண்ணுக்குள் இறக்கும் இயல்புடையது. பையில் வளர்த்தால் அது கெடும். வரப்பின் மேல் நேரடியாகக் கொட்டையைப் புதைத்துவிட்டோம்.

பாத்திக்கு மணலும் மக்கிய எருவும், பைகளுக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு என்ற கலவையும் பயன்படுத்தினோம். கரையானுக்காக வேப்பம் புண்ணாக்கு சிறிது சேர்த்தோம். காட்டில் பாலை மரத்தடியில் கிடந்த இலைமக்கு மண்ணைப் பூசாரியின் இசைவோடு ஒரு கூடை எடுத்து எல்லாப் பைகளுக்கும் ஒரு பிடி வீதம் கலந்தோம். வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் அந்த மண்ணில் இருக்கும் என்பது காரணம். பை நீளமானதாக இருக்க வேண்டும். இவ்வகை மரங்கள் இலையைவிட முன்னதாக ஆணிவேரை வளர்ப்பவை. குட்டைப் பையில் அந்த வேர் அடியில் சுருண்டுவிட்டால், நட்ட பிறகும் சுருண்டபடியே தடித்து, பெருங்காற்றில் மரம் வேரோடு சாய வழி செய்யும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்லின் மேல் கம்பிவலை விரித்து அடுக்கினோம். அடியில் எட்டிப் பார்க்கும் வேர் காற்றுப்பட்டுத் தானே கருகி நிற்க, பக்க வேர்கள் பெருகின.

நிழல்வலையைப் பொறுத்து இனங்களின் விருப்பம் வேறுபடுகிறது. வெள்வேலும் ஆவாரையும் விராலியும் நேர் வெயிலையே விரும்பின. காயாவும் இரும்பிலியும் பாதி நிழல் இல்லாவிட்டால் இலை கருகின. நடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே வலையைச் சிறிது சிறிதாக விலக்கி, நீரூற்றும் இடைவெளியையும் கூட்டி, கன்றுகளை வெளி நிலைமைக்குப் பழக்கினோம்.

விதை மூலத்தில் ஒரு சோதனையும் செய்து வருகிறோம். எங்கள் பகுதியில் ஆண்டுக்கு 1,200 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக மழை பெய்யும். புதுக்கோட்டைப் பக்கம் அதைவிடக் குறைவு. அங்குள்ள ஒரு கோவில் காட்டிலிருந்து, அவ்வூராரிடம் கேட்டுப் பெற்ற வீரை, குருந்து விதைகளையும் வளர்த்து, எங்கள் காட்டு விதையில் வந்த கன்றுகளுக்கு நடுவே கலந்து நட்டிருக்கிறோம். வறண்ட நிலத்து மரங்களின் வாரிசுகள் வருங்கால வறட்சியை மேலும் தாங்கும் என்பது எதிர்பார்ப்பு. பெரும்பங்கு உள்ளூர் விதையாகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம்; வெளி விதை நாலில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு கன்றின் அடியிலும் எந்த ஊர் விதை என்பதைக் குறித்த அலுமினியத் தகடு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே இதுவரை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லை. இவ்வளவு மெதுவாக வளரும் மரங்களில் அது தெரியப் பல கோடைகள் கடக்க வேண்டும்.

நிலத்திற்கு வருகிறேன். சீமைக் கருவேலம் இந்தியாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அதை அகற்றுவது பற்றி நீதிமன்ற ஆணைகளும், 2022இல் அயல் ஊடுருவித் தாவரங்களுக்கான தமிழ்நாடு அரசின் கொள்கையும் வந்துள்ளன. பொக்லைன் வைத்து ஒரே நாளில் வாரிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் அவ்வாறு செய்யவில்லை. வெட்டவெளியாக்கப்பட்ட செம்மண் ஒரே பெருமழையில் அரித்துப் போகும். மேலும், நிழல் வேண்டும் கன்றுகளுக்கு அதன் நிழலே முதல் குடையாகும். எனவே நிலத்தைக் கிழக்கு மேற்காகப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டினோம். தரைக்கு மேலே வெட்டினால் அடிமரத்திலிருந்து பத்துத் துளிர்கள் கிளம்பும் என்பதால், சுற்றிலும் ஓரடி ஆழத்திற்குத் தோண்டி, வேர் தொடங்கும் முடிச்சோடு எடுத்தோம். அதன் முள் கிளைகளே கன்றுகளுக்கு வேலியாயின. கன்றுகள் இடுப்பளவு வந்த பட்டைகளை ஒட்டியுள்ள மீதிக் கருவேலத்தை இப்போது ஒவ்வொன்றாக எடுத்து வருகிறோம்.

சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகள் எழுப்பி, அவற்றின் மேட்டுப் பக்கத்தில் நீர் தங்கும் பள்ளம் வெட்டினோம். பள்ளத்தின் ஓரம், வரப்பின் சரிவு, வரப்பின் உச்சி என்று மூன்று உயரங்களில் ஒரே இனத்தை நட்டோம். இந்த ஏற்பாட்டின் பயன் ஃபெஞ்சல் மழையில்தான் தெரிந்தது. நிலத்தின் தாழ்ந்த மூலையில் நீர் பல நாட்கள் வடியாமல் நின்றது. அங்கே பள்ளத்து ஓரத்தில் இருந்த காயா, குருந்துக் கன்றுகள் அழுகின, வரப்பின் உச்சியில் இருந்தவை பெரும்பாலும் தப்பின. அதற்கு முந்தைய கோடையிலோ நிலைமை தலைகீழாக இருந்தது. உச்சியில் இருந்தவை வாடியபோது பள்ளத்து ஓரத்துக் கன்றுகளே பசுமையாக நின்றன. ஒரே உயரத்தில் எல்லாவற்றையும் நட்டிருந்தால் இரண்டில் ஏதோ ஓர் ஆண்டில் பெரும்பகுதியை இழந்திருப்போம். அந்தத் தாழ்ந்த மூலையில் இப்போது நீர் நிற்பதைத் தாங்கும் நாவலும் புங்கையும் நீர்க்கடம்பும் மட்டும் வைத்திருக்கிறோம்.

நடும் காலத்தையும் இரண்டாகப் பிரித்தோம். ஐப்பசியில் மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்த பிறகு ஒரு பாதியையும், கார்த்திகையின் நடுவில் மற்றொரு பாதியையும் நட்டோம். முதல் மழைக்குப் பின் நீண்ட இடைவெளி விழுந்த ஆண்டில் இரண்டாம் தவணை நன்றாகப் பிடித்தது. மழை முன்னதாகவே ஓய்ந்த ஆண்டில் முதல் தவணை வேரூன்றிவிட்டதால் பிழைத்தது. ஜூலையில் விழா எடுத்து நடும் வழக்கத்தைச் சோழமண்டலக் கரையில் கைவிடுவது நல்லது. தென்மேற்குப் பருவத்தின் மழையை நம்பி இங்கே நட்டால், ஆவணி வெயிலுக்கு நாமே குடம் சுமக்க வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு கோடைகளில் ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, வாரம் ஒருமுறை நிரப்பி ஓட்டால் மூடினோம். சுட்ட மண்ணின் வழியே கசியும் ஈரம் வேர்ப்பகுதிக்கே போகிறது. மேலே களை முளைப்பதில்லை. பானையைச் சுற்றி முந்திரி இலைச் சருகை அரையடி கனத்திற்கு மூடாக்காகப் போட்டோம். சருகில் தீப்பிடிக்கும் அச்சம் இருந்ததால், நிலத்தைச் சுற்றி ஆறடி அகலத்திற்குச் சருகு, புல் இல்லாமல் செதுக்கி வைத்திருக்கிறோம்.

வெயிலுக்கும் வெள்ளத்திற்கும் அடுத்து ஆடுகள். ஊரில் ஆடு மேய்ப்பவர்களில் மூத்தவரான ஆயா ஒருவரிடம் பேசியபோது, "நீ வேலி போட்டுடுவ தம்பி, என் ஆடு எங்க போயி மேயும்? மனை போட்டவன் மேய உடமாட்டேன்றான், நீயும் உடமாட்ட" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுற்றிலும் மேய்ச்சல் நிலம் மறைந்ததால்தான் ஆடுகள் இங்கே வருகின்றன. இறுதியில், பட்டைகளில் களையெடுக்கும் புல்லையும் கருவேலக் காய்களையும் அவரே எடுத்துக்கொள்வது, வடக்கு ஓரத்தில் ஒரு பகுதியில் கன்றுகள் தலைக்கு மேல் உயர்ந்ததும் மேய விடுவது என்று ஒப்புக்கொண்டோம். அதன் பிறகு வேறு ஊர் ஆடுகள் வந்தாலும் விரட்டிவிடுபவர் அவராகவே இருந்தார். வேலியைவிட இந்த ஏற்பாடு உறுதியாக நிற்கிறது. காட்டில் மிளகரணை எங்கே இருக்கிறது, குன்றிமணிக் கொடி எந்தப் புதரில் ஏறியிருக்கிறது என்பதையும் அவர்தான் காட்டினார்.

மரங்களுக்கே எல்லோரும் கணக்கு வைக்கிறார்கள். இக்காட்டின் உயிர்ச்செறிவு பெரும்பாலும் புதரிலும் கொடியிலும் இருக்கிறது. ஆதொண்டையின் இலையில் வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. குருந்திலும் மிளகரணையிலும் கறிவேப்பிலை அழகியும் அதன் உறவினங்களும் முட்டையிடுகின்றன. ஆடுதீண்டாப்பாளையோ அதன் உறவினத் தாவரங்களோ இல்லாத இடத்தில் ரோசா அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி பெருகாது. ஆகவே, மூன்றாம் ஆண்டிலிருந்து, ஓரளவு வளர்ந்த வெள்வேல், உசிலை மரங்களின் அடியில் கொடிகளை நட்டு வருகிறோம். அதற்கு முன்பே நட்டால், விரைந்து வளரும் கொடி கன்றை அமுக்கிவிடும். ஆடுதீண்டாப்பாளை மட்டும் நாங்கள் நடாமலேயே, கருவேலம் எடுத்த பட்டைகளில் தானாக முளைத்து வந்தது.

தானாக வருபவை பற்றி இன்னொன்று. நிலத்தின் நடுவில் சில மூங்கில் கழிகளின் உச்சியில் குறுக்குக் கட்டை கட்டி நட்டு வைத்தோம். கொண்டைக்குருவியும் குயிலும் காட்டில் பழம் தின்றுவிட்டு அங்கே வந்து அமர்ந்து எச்சமிடுகின்றன. இக்காட்டின் தாவரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழங்களால் விலங்குகளை ஈர்த்து விதை பரப்புபவை என்பதால் இந்த எளிய ஏற்பாடு நன்கு வேலை செய்கிறது. கழிகளின் அடியில் சூரை, வேம்பு, காரை, மஞ்சணத்தி ஆகியவற்றின் முளைகள் வந்துள்ளன. மரநாயின் கழிவில் களா, நாவல் கொட்டைகளையும் கண்டோம். வேம்பை நாற்றங்காலில் வளர்ப்பதை இதனால் நிறுத்திவிட்டோம். பாலையும் வீரையும் இவ்வாறு எளிதில் வருவதில்லை. நம் கை வேண்டியிருப்பது அவற்றுக்கே.

மனைகளை வாங்கியவர்களோடும் பேசி வருகிறோம். பெரும்பாலோர் வெளியூரில் வேலை செய்பவர்கள். மனை பல ஆண்டுகள் வெறுமனே கிடக்கிறது. எல்லைக்குக் கம்பிவேலி போடுவதற்குப் பதிலாகக் களா, காரை, குருந்து ஆகியவற்றாலான உயிர்வேலியை நாங்களே வைத்துத் தருகிறோம் என்று கேட்டோம். சிலர் இசைந்தனர், ஒருவர் பாம்பு வரும் என்று மறுத்தார், வேறொருவர் களாக்காய் ஊறுகாய்க்கு ஆகும் என்று அறிந்ததும் இரு வரிசையாக வைக்கச் சொன்னார். இப்போது காட்டிலிருந்து கிழக்கே உள்ள ஏரிக்கரை வரை விட்டு விட்டு ஒரு பசுமைக் கோடு உருவாகியிருக்கிறது. இடையில் மூன்று மனைகளில் அது அறுந்துபோயிருக்கிறது. அவற்றின் உரிமையாளர்களைத் தைப்பொங்கலுக்கு ஊர் வரும்போது சந்திக்க வேண்டும்.

பிழைப்பு விகிதத்தைப் பொதுவாகச் சொல்வதானால், வெள்வேல், உசிலை, புங்கை போன்றவற்றில் பெரும்பாலானவை நிலைத்துவிட்டன. குருந்தும் வீரையும் பாதிக்குச் சற்று மேல். காயாவில் மூன்றில் ஒன்று என்ற அளவில் நிற்கிறது. நாற்றங்காலில் ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு வைத்திருந்த காயாக் கன்றுகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன என்பதால், இனி காயாவையும் இரும்பிலியையும் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வெளியே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வரும் பருவத்தில் பாலைக்கு மட்டும் இரண்டு புதிய மணற்பாத்திகள் போடுகிறோம். அக்கம்பக்கத்தில் கோவில் காடு வைத்திருக்கும் இரண்டு ஊர்களில் கன்று கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் கன்றைக் கொடுத்து, அதற்கு ஈடாக அவர்கள் காட்டின் விதையை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அந்த விதைகள் ஆனி மாதத்தில் வந்து சேரும். அதற்குள் நீளப் பைகளில் மண் நிரப்பி முடிக்க வேண்டும்.